சின்ன வலைத்தளத்தில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?

"என் தளத்துக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வந்தாலே அதிகம். அதை யார் வந்து ஹேக் செய்யப் போகிறார்கள்?" சிறிய வலைத்தளம் நடத்துகிறவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அங்கே வங்கிக் கணக்கு விவரம் கிடையாது, வாடிக்கையாளர் பட்டியல் கிடையாது. சில ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கட்டுரைகள், படங்கள், ஓரத்தில் இரண்டு விளம்பரங்கள். அவ்வளவுதான்.

வீட்டை நோட்டம் பார்த்து, ஆள் இல்லாத நேரம் அறிந்து வருகிற திருடனை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் பதில் இது. வலைத்தளங்களுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வருவது பாட் எனப்படும் தானியங்கி நிரல். அதனிடம் டொமைன் பெயர்களின், அதாவது தளங்களின் இணைய முகவரிகளின், நீண்ட பட்டியல் இருக்கும். அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு சாவியால் திறந்து பார்த்துக்கொண்டே போகும். உள்ளே இருப்பது கவிதையா சமையல் குறிப்பா என்று அது படித்துப் பார்ப்பதில்லை. புதிதாகத் தொடங்கிய தளம் யாருக்கும் தெரியாது என்று நினைப்பதும் தவறு. தளத்துடன் பாதுகாப்பாக இணைவதற்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கியவுடன் அந்தப் பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. அந்தப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாட்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முதல் கட்டுரையை வெளியிடும் முன்பே தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வரின் பதிவுகளில், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் உள்நுழைவுப் பக்கத்தைத் தட்டிப் பார்த்த தடங்கள் இருக்கும்.

வேர்ட்பிரஸ் பெயர் அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம் அதன் பரவல். உலகில் உள்ள வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அந்த மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதில் ஒரு ஓட்டை தெரிந்தால் ஒரே நிரலை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான தளங்களை முயன்று பார்க்கலாம். 2017 ஜனவரி 26 அன்று வெளியான 4.7.2 பதிப்பு இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய இரண்டு பதிப்புகளில், கடவுச்சொல் எதுவும் இல்லாமலேயே அடுத்தவர் கட்டுரையைத் திருத்திவிடக்கூடிய பிழை இருந்தது. வேர்ட்பிரஸ் குழுவினர் அதைச் சரிசெய்துவிட்டு, பிழையைப் பற்றி ஏறத்தாழ ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தளங்களுக்கு அவகாசம் கொடுத்தார்கள். பிப்ரவரி 1 அன்று விவரத்தை வெளியிட்ட சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. பல்வேறு குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துத் தங்கள் பெயரை எழுதின. 2013 அக்டோபரில் வந்த 3.7 பதிப்பிலிருந்து தானியங்கிப் புதுப்பிப்பு வசதி இருந்தது. அதை முடக்கி வைத்திருந்தவர்கள்தான் பெருமளவில் மாட்டிக்கொண்டார்கள்.

பெயரை எழுதிவிட்டுப் போகிறவன் ஒரு வகையில் நல்லவன். வந்தது தெரிந்துவிடும், அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உண்மையான சேதம் செய்கிறவன் சத்தமில்லாமல் வருகிறான்.

அவனுக்குத் தேவை உங்கள் கட்டுரைகள் அல்ல. தேடுபொறியில் அந்தத் தளத்துக்கு இருக்கும் மதிப்புதான் அவனுக்கு வேண்டும். பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிய தளத்தைக் கூகுள் ஓரளவு நம்புகிறது. பிற தளங்கள் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன. நேற்றுத் தொடங்கிய சூதாட்டத் தளத்துக்கோ போலி மருந்துக் கடைக்கோ அந்த நம்பிக்கை கிடைக்காது. ஆகவே அவர்கள் நம்பிக்கை உள்ள இடத்துக்குள் நுழைந்து தங்கள் இணைப்புகளைச் செருகுகிறார்கள். இதில் ஒரு தந்திரமும் உண்டு. மருந்து விளம்பரங்கள் கூகுளின் பாட் வரும்போது மட்டும் தெரியும். உரிமையாளர் திறந்து பார்த்தால் பக்கம் எப்போதும்போல இருக்கும். ஜப்பானிய மொழியில் ஆயிரக்கணக்கான போலிக் கடைப் பக்கங்களை உருவாக்கும் தாக்குதல் ஒன்று பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அதில் ஹேக்கர்கள், தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தங்களையும் அந்தத் தளத்தின் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். உங்கள் தளத்தின் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்து, முடிவுகளில் புரியாத எழுத்துகள் வந்தால்தான் விஷயமே தெரியவரும்.

பாதுகாப்பையும் வருமானத்தையும் இரண்டு தனித்தனிக் கவலைகளாகப் பார்ப்பது தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். சிறிய தளத்தின் உரிமையாளர் காசாக்கப் பார்ப்பதும் தேடுபொறி தரும் அந்த மதிப்பைத்தான். ஹேக்கர் காசாக்கப் பார்ப்பதும் அதையேதான். அவன் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சாது. 2014 டிசம்பரில் சோக்சோக் என்று பெயர் பெற்ற தீநிரல் பரவியபோது 11,000க்கும் மேற்பட்ட டொமைன்களைக் கூகுள் ஆபத்தானவை எனக் குறித்தது. அந்தத் தளங்களைத் திறக்க முயன்றவர்களுக்கு உலாவியின் எச்சரிக்கைப் பக்கம்தான் தெரிந்தது. அதைத் தாண்டி உள்ளே போகிற வாசகர் அரிது. தளத்தைத் துப்புரவு செய்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்து, எச்சரிக்கை நீங்கும்வரை விளம்பர வருமானம் அநேகமாகப் பூஜ்யம். அதன் பிறகும் பழைய இடம் உடனே திரும்பிவிடாது.

சோக்சோக் நுழைந்த வழியும் கவனிக்கத்தக்கது. படங்களை நகர்த்திக் காட்டும் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) பழைய பதிப்பில் இருந்த ஓட்டை அது. அந்தப் பிளகினைப் பலர் தனியாக வாங்கவில்லை; விலை கொடுத்து வாங்கிய தீமோடு, அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்போடு, சேர்ந்து வந்தது. தம்மிடம் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படிப் புதுப்பிப்பது? 2011இல் டிம்தம்ப் என்ற படச் சுருக்கு நிரலிலும் இதே கதை நடந்திருந்தது. அதுவும் ஏராளமான தீம்களுக்குள் ஒளிந்திருந்த சிறு கோப்புதான்.

பிளகின் எழுதியவருக்கும் வருமானம் போதவில்லை

புதுப்பித்துக்கொண்டே இருந்தால் போதும் என்பது பாதுகாப்பைப் பற்றிய பொதுவான அறிவுரை. பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் புதுப்பிப்பு வழியாகவே தாக்குதல் வந்தால்?

டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற பிளகின் சுமார் 2 லட்சம் வேர்ட்பிரஸ் தளங்களில் இருந்தது. பக்க ஓரப் பெட்டிகள் எந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று தேர்வு செய்ய உதவும் எளிய கருவி. 2017இல் அதை உருவாக்கியவர்கள் வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் அடுத்தடுத்து வெளியிட்ட பதிப்புகளில், தளத்துக்குள் வெளியிலிருந்து விளம்பரப் பதிவுகளை நுழைக்கும் பின்வாசலைச் சேர்த்தார். உள்நுழைந்திருக்கும் உரிமையாளரின் கண்ணுக்கு அந்தப் பதிவுகள் தெரியாதபடி பார்த்துக்கொண்டார். பலமுறை நீக்கப்பட்டும் திரும்பி வந்து, கடைசியில் செப்டம்பரில்தான் அந்தப் பிளகின் வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து நிரந்தரமாக அகற்றப்பட்டது. ஒழுங்காக, உடனுக்குடன் புதுப்பித்தவர்கள்தான் இதில் முதலில் சிக்கினார்கள்.

2024இல் பாலிஃபில் விவகாரம். பழைய உலாவிகளில் புதிய வசதிகள் இயங்குவதற்கான ஒரு ஸ்கிரிப்டை, அதாவது உலாவியில் ஓடும் சிறு நிரலை, பல தளங்கள் பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரியிலிருந்து நேரடியாக ஏற்றிக்கொண்டிருந்தன. அந்த டொமைன் பிப்ரவரியில் ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்தத் திட்டத்தைத் தொடங்கியவரே உடனடியாக நீக்கிவிடும்படி பொதுவெளியில் எச்சரித்தார். ஜூன் மாதத்தில் அந்த ஸ்கிரிப்ட், கைப்பேசியில் வரும் வாசகர்களில் சிலரைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடுவது கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட தளங்கள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றின் சர்வரைக்கூட யாரும் உடைத்து நுழையவில்லை.

இலவசப் பிளகின் எழுதுகிறவர்களில் பலர் உங்களைப் போலவே தனியாள். ஆயிரக்கணக்கான தளங்கள் அவர் வேலையை நம்பி இருக்கும்; அவருக்குக் கிடைப்பதோ எப்போதாவது வரும் நன்கொடையும் தினமும் வரும் குறைகளும்தான். ஒரு நாள் அவர் சலித்துப்போய் விற்பார், அல்லது கைவிடுவார். அவருடைய வருமானப் பிரச்சினை அப்போது உங்கள் பாதுகாப்புப் பிரச்சினையாகிறது. ஒரு பிளகினை நிறுவும்போது நட்சத்திர மதிப்பீட்டைப் பார்ப்பதைவிட, அதை எழுதுகிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்று பார்ப்பது பயன் தரும்.

விளம்பரமும் இதே வகைதான். உங்கள் பக்கத்தில் ஒரு இடத்தை ஒதுக்கி, அங்கே யாரென்று தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்டை ஓடவிடுகிறீர்கள். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற பெரிய தளங்களிலேயே விளம்பர வலையமைப்புகள் வழியாகத் தீநிரல் பரவியது. காலாவதியாகிப் போன ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தின் டொமைனைப் புதிதாகப் பதிவு செய்து, அதன் நல்ல பெயரைக் கொண்டே உள்ளே நுழைந்திருந்தார்கள். அந்த அளவுக்குப் பணமும் ஆளும் உள்ள இடங்களுக்கே இந்த நிலை என்றால், பெரிய வலையமைப்புகள் ஏற்க மறுத்த பிறகு தரம் குறைந்த விளம்பர நிறுவனங்களிடம் போகும் சிறு தளங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் எங்கே தொட்டாலும் புதிய பக்கம் திறக்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

நன்கொடைப் படிவம் வைத்தால் வேறு தொல்லை. திருட்டுக் கடன் அட்டை எண்கள் வைத்திருப்பவர்கள், எவையெல்லாம் இன்னும் செல்லுபடியாகின்றன என்று சோதிக்கச் சிறு தொகை ஏற்கும் படிவங்களைத் தேடி வருவார்கள். ஒரே இரவில் நூற்றுக்கணக்கான சிறு நன்கொடைகள் வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அட்டைக்குரியவர்கள் புகார் செய்ததும் தொகை திரும்பப் போகும். ஒவ்வொரு புகாருக்கும் கட்டணம் வேறு பிடிக்கப்படலாம். புகார் கூடினால் பணப்பரிவர்த்தனை நிறுவனம் கணக்கையே மூடிவிடும்.

கைக்கு வரும் காசு

தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. விளம்பரதாரர் தரும் பணத்தில் சுமார் 68 சதவீதம் தள உரிமையாளருக்குப் போகிறது. 2024 தொடக்கத்தில் கணக்கிடும் முறை மாறி, கிளிக்குக்குப் பதிலாக விளம்பரம் காட்டப்பட்டதற்கே பணம் என்று ஆனது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்பப்படும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு ஒரு டாலர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 பார்வைகள் பெறும் தளம் முதல் தொகையைக் காணப் பத்து மாதம் ஆகும். பத்தாயிரம் பார்வை என்பது ஒரு தனியாளுக்குச் சின்ன எண் அல்ல.

அந்தப் பத்து மாதமும் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். செல்லாத கிளிக்குகள் வருவதாகக் கூகுளின் கணிப்பு சொன்னால் கணக்கு முடக்கப்படலாம். சேர்ந்திருந்த பணம் விளம்பரதாரர்களுக்குத் திருப்பித் தரப்படும். கிளிக் செய்தது உரிமையாளரா, பொறாமை கொண்ட ஒருவரா, வழிதவறிய பாட்டா என்பதை நிரூபிக்கும் சுமை உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. முறையீட்டுப் படிவம் இருக்கிறது. அதற்கு அப்பால் பேசுவதற்கு மனிதர்கள் கிடைப்பது அரிது. வேண்டாத தளத்தின் விளம்பரங்களை வேண்டுமென்றே கிளிக் செய்து தள்ளும் தாக்குதல் உண்டு. அதற்குச் சர்வருக்குள் நுழையக்கூட வேண்டியதில்லை.

பொருள்களைப் பரிந்துரைத்துக் கமிஷன் பெறும் வழியில் வருமானம் கூடுதல்; அதை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் இன்னும் குறைவு. 2020 ஏப்ரலில் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தின் கமிஷன் விகிதங்களைக் குறைத்தது. வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைப் பொருட்களுக்கு 5 சதவீதம் 1 ஆனது. தளத்தின் வாசகர் எண்ணிக்கை குறையவில்லை, எழுத்தின் தரம் குறையவில்லை. ஓர் அறிவிப்பில் வருமானம் பாதிக்குக் கீழே போனது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தேடுபொறி ஆபத்து. 2011இல் பாண்டா, 2012இல் பெங்குயின் என்று பெயரிட்டு வந்த மாற்றங்கள் பல தளங்களைப் பல பக்கங்கள் பின்னே தள்ளின. 2022 ஆகஸ்டில் பயனுள்ள உள்ளடக்கத்தை முன்னிறுத்துவதாகக் கூறி ஒரு மாற்றம் வந்தது. 2023 செப்டம்பரில் அதன் அடுத்த சுற்று பல சிறு தனியார் தளங்களின் வருகையைச் சரித்தது. தளம் நடத்தியவர்கள் வெளிப்படையாகக் கோபத்தைக் காட்டினார்கள். அதற்குப் பிறகும் இழந்ததை மீட்டவர்கள் குறைவு. 2024 மே மாதத்தில் தேடல் முடிவுகளின் தலையிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வரத் தொடங்கியது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்கர்களின் தேடல்களை ஆராய்ந்தது. சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் வழக்கமான முடிவு ஒன்று கிளிக் செய்யப்பட்டது. சுருக்கம் வராதபோது அது 15 சதவீதம். உங்கள் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட பதிலாகவே இருந்தாலும், வாசகர் உங்களிடம் வராமல் திரும்பிப் போகிறார். பிளகின் ஓட்டைக்குத் திருத்தம் வெளியாகும். இதற்கு அப்படி எதுவும் வராது.

இந்த நெருக்கடியில்தான் அந்த மின்னஞ்சல்கள் வருகின்றன. "உங்கள் தளம் அருமை, விருந்தினர் கட்டுரை ஒன்று வெளியிட முடியுமா, கட்டணம் தருகிறோம்." கட்டுரை எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்குள் ஒரு சூதாட்டத் தளத்துக்கோ கடன் நிறுவனத்துக்கோ இணைப்பு இருக்க வேண்டும், அது விளம்பரம் என்று குறிக்கப்படக் கூடாது. ஹேக்கர் கேட்காமல் செய்ததை இவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள். விற்பனைச் சரக்கு அதேதான். ஆட்சென்ஸில் மாதக்கணக்கில் சேரும் தொகை ஒரே இணைப்புக்குக் கிடைப்பதால் கை நீட்டாமல் இருப்பது கடினம்தான். பணம் பெற்ற இணைப்புகளை அடையாளப்படுத்த 2019இல் கூகுள் தனிக் குறி ஒன்றையே அறிமுகப்படுத்தியது. குறியிட்டால் வாங்குகிறவருக்குப் பயனில்லை. குறியிடாவிட்டால் தண்டனை உங்களுக்கு. வாங்கியவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்.

செலவுப் பக்கமும் எப்போதும் நிலையாக இருக்காது. 2024 பிப்ரவரியில், தளங்களைத் தன் சர்வரில் வைத்துத் தரும் ஹோஸ்டிங் நிறுவனமான நெட்லிஃபையின் இலவசத் திட்டத்தில் எளிய தளம் வைத்திருந்த ஒருவருக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. தளத்தில் இருந்த ஒரு பாடல் கோப்பை யாரோ இடைவிடாமல் பதிவிறக்கியிருந்தார்கள். விஷயம் வெளியே வந்து பலரும் பேசத் தொடங்கிய பின் நிறுவனம் அந்தத் தொகையைத் தள்ளுபடி செய்தது. பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் என்ற திட்டங்களில் மேல் வரம்பு இருக்கிறதா என்று பார்க்காமல் சேரக் கூடாது. தாக்குதல் நோக்கமே இல்லாமலும் சுமை கூடுகிறது: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்கள் அள்ளிக்கொண்டு போவதைத் தடுத்ததும் தன் தினசரிப் பதிவிறக்க அளவு 800 ஜிபியிலிருந்து 200 ஜிபியாக இறங்கியது என்று ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளம் 2024இல் தெரிவித்தது.

குறிவைத்துத் தாக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரையன் கிரெப்ஸ் உதாரணம். இணையக் குற்றங்களைப் பற்றித் தனியாக எழுதும் பத்திரிகையாளர் அவர். 2016 செப்டம்பரில் அவருடைய தளத்தின் மீது நொடிக்கு 620 கிகாபிட் அளவில் போலி வருகை கொட்டப்பட்டது. கேமராக்கள், ரவுட்டர்கள் போன்ற ஆயிரக்கணக்கான வீட்டுக் கருவிகளைக் கைப்பற்றி நடத்திய தாக்குதல். கட்டணமின்றிப் பாதுகாப்பு தந்துவந்த அகமாய் நிறுவனமே, மற்ற வாடிக்கையாளர்கள் பாதிக்கப்படுவதால் விலகிக்கொண்டது. பத்திரிகைத் தளங்களுக்காகக் கூகுள் நடத்தும் புராஜெக்ட் ஷீல்டு ஏற்றுக்கொண்ட பிறகே தளம் மீண்டது. இத்தகைய தாக்குதல் எல்லோருக்கும் வராது. வந்தால் தனியாள் பணத்தால் தாங்கக்கூடியது அல்ல.

எதை முதலில் காப்பது

பாதுகாப்புக் குறிப்புகள் என்று நாற்பது ஐம்பது வரிப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பாதி, பட்டியலை நீளமாக்குவதற்காகச் சேர்த்தவை. இழந்தால் திரும்பப் பெற முடியாதது எது என்று கேட்டால் வரிசை தானாகத் தெளிவாகும்.

முதல் இடம் டொமைனுக்கும், அது பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் கணக்குக்கும். சர்வர் போனால் வேறு சர்வர் வாங்கலாம். டொமைன் போனால் வாசகர், இணைப்புகள், தேடுபொறி மதிப்பு எல்லாம் அதோடு போகும். 1990களிலிருந்து இயங்கிவந்த பெர்ல் டாட் காம் 2021 ஜனவரியில் கடத்தப்பட்டது. பெர்ல் நிரல்மொழிச் சமூகத்தின் ஆதரவு இருந்ததால் சில நாட்களில் மீட்டார்கள். யாரும் அறியாத தளத்துக்கு அந்தச் செல்வாக்கு இருக்காது. டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலோ ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரிலோ இருக்கக் கூடாது. அந்த மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும். பெரிய செலவு இல்லாத இந்த வேலையைத்தான் அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்தது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் செயலிழந்தன. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்ததால் மூலத்தோடு சேர்ந்து சாம்பலானது. அதே இடத்தில் இருக்கும் நகலைப் பேக்கப் என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகையான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. அவசரத்துக்கு ஒன்றுகூட நினைத்தபடி உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்துவைத்த நகல்தான் காப்பாற்றியது. தேர்ந்த பொறியாளர்கள் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், பேக்கப் பிளகின் பச்சை விளக்கு காட்டுகிறது என்பதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஒரு முறையாவது அந்தக் கோப்பை வேறு இடத்தில் விரித்து, தளம் எழுந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹேக்கர்கள் பல மாதம் ஒளிந்திருப்பதால் நேற்றைய நகல் மட்டும் போதாது. பழையவையும் சில வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வையுங்கள். டிஸ்பிளே விட்ஜெட்ஸ் போன்றவை நடந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம், பழைய ஓட்டையால் விழும் தளங்கள் மிக அதிகம். கெட்ட புதுப்பிப்பால் விழுபவை ஒப்பீட்டில் குறைவு. பயன்படுத்தாத பிளகினை நிறுத்தி வைப்பது போதாது, அழிக்க வேண்டும். எழுதுவது மட்டுமே நோக்கம் என்றால், தரவுத்தளமே இல்லாத நிலைத்த பக்கங்களாகத் தளத்தை மாற்றிவிடுவது பாதித் தலைவலியைப் போக்கும். தேடல் பெட்டி, கருத்துப் பெட்டி போன்ற வசதிகளை இழக்க நேரிடும்.

தளத்தை ஒரு சேவை நிறுவனத்திடமே முழுதாக ஒப்படைத்துவிடலாமே என்றால், பாதுகாப்புக் கவலை குறையும், வேறொன்று முளைக்கும். 2003 முதல் இயங்கிவந்த டைப்பேட் என்ற வலைப்பதிவுச் சேவை, 2025 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே ஒரு மாதம்தான். அதற்குள் பல்லாண்டு எழுத்தைப் பதிவிறக்கி வேறிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு முகவரியாவது மிஞ்சியது.

வருமானத்தில் இதற்கு இணையான சொத்து வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல். தேடுபொறி கைவிட்டாலும் அந்த வாசகர்களை அடையலாம். சப்ஸ்டாக் போன்ற மின்னஞ்சல் சந்தா சேவைகள் சந்தாத் தொகையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டாலும் பட்டியலை வெளியே எடுத்துப்போக அனுமதிக்கின்றன. மாதம் 10,000 பார்வைகள் பெறும் தளத்தில் பத்து வாசகர்கள் மாதம் ஒரு டாலர் தந்தாலே, மேலே சொன்ன விளம்பரக் கணக்குக்கு ஈடாகிவிடும். ஆனால் அப்படிச் சேர்ந்த பட்டியல், முதல் பத்தியில் இல்லை என்று சொன்ன வாடிக்கையாளர் பட்டியலேதான். அது கசிந்தால் பொறுப்பு உங்களுடையது. அதைத் தளத்தின் தரவுத்தளத்திலேயே வைக்காமல் இருப்பது நல்லது.

விளம்பரத்தைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் ஆகும் செலவைக்கூட எட்டாத விளம்பர வருமானம் என்றால், அதை எடுத்துவிடுவதே லாபம். வெளியார் ஸ்கிரிப்டுகள் குறையும், பக்கம் வேகமாகத் திறக்கும், கணக்கு முடக்கம் என்ற பயமும் போகும். அதோடு, குக்கீ அனுமதிப் பெட்டிக்காக நிறுவிய இன்னொரு பிளகினையும் அழித்துவிடலாம்.

தளத்தை மூடுவது என்று முடிவெடுத்தாலும் வேலை தீராது. டாட் காம் டொமைன் காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தில் மீட்கக்கூடிய 30 நாள், கடைசியாக 5 நாள் காத்திருப்பு. அதன்பின் யாரும் பதிவு செய்துகொள்ளலாம். பல நிறுவனங்கள் அதற்கு முன்பே ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. பழைய இணைப்புகள் உள்ள பெயர் என்றால் எடுத்துக்கொள்ள ஆள் தயாராக இருப்பார்கள். உங்கள் பெயரை நம்பி வரும் வாசகர் சூதாட்டப் பக்கத்தில் போய் நிற்பார். அந்த டொமைனில் நீங்கள் வைத்திருந்த மின்னஞ்சல் முகவரிகளும் புதியவர் கைக்குப் போகும். அவற்றைக் கொண்டு பதிவு செய்த கணக்குகளின் கடவுச்சொல் மாற்றும் கடிதங்கள் அவருக்கே போய்ச் சேரும். ஆகவே எல்லாக் கணக்குகளிலும் முதலில் மின்னஞ்சலை மாற்றுங்கள். விளம்பரக் கணக்கிலிருந்தும் சர்ச் கன்சோலிலிருந்தும் தளத்தை நீக்குங்கள். பழைய கட்டுரைகளை நிலைத்த பக்கங்களாக்கிக் கட்டணமில்லா ஹோஸ்டிங்கில் வைத்துவிட்டு, டொமைனை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் புதுப்பித்து வாருங்கள்.